இடப்பக்கத்து இரண்டு நட்டுகள்

1

வவுனியாவிலிருந்து செல்லத்துரை எழுதிய கடிதம் போன கிழமை வந்து சேர்ந்தது. பஸ் டிப்போப் பட்டறையில் என்னோடு பதினொரு வருடம் வேலை செய்தவர். மகளின் கலியாணம், மழை, சீமெந்துத் தட்டுப்பாடு எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு வரி: ‘உமக்கென்ன தில்லைநாதன், பயமில்லாத நாட்டில் இருக்கிறீர்.’

அவர் பொறாமையில் எழுதவில்லை. வீதியில் ஜீப் நின்றாலே யன்னலைச் சாத்துகிற இடத்திலிருந்து பார்த்தால் சிட்னி அப்படித்தான் தெரியும். இங்கே என்னை யாரும் துரத்தவில்லை. பொலிஸ்காரன் என் பெயரைக் கேட்டால், உச்சரிக்கத் தெரியாமல் சிரிப்பான். அவ்வளவுதான். ஆனாலும் மூன்று வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, காலை ஏழு மணி தொடக்கம் பிற்பகல் இரண்டு மணிவரை நான் பட்ட பயத்தை வவுனியாவில் ஒருநாளும் பட்டதில்லை. அதைச் செல்லத்துரைக்கு எழுதத் தொடங்கினேன். கடிதத்தாள் போதவில்லை. ஆகவே எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

2

நாங்கள் மூன்று பேர் வந்தோம். நான், மனைவி பரமேஸ், ஒரே மகள் சாந்தினி. எழுபத்துமூன்றாம் ஆண்டு. லிட்கம் ஸ்ரேசனிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு பலகை வீடு வாடகைக்குக் கிடைத்தது. சாந்தினிக்கு அப்போது பதினாறு. பள்ளிக்கூடத்தில் இரண்டாம் நாளே அவளை ‘ஷேண்டி’ ஆக்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சொன்னபோது அழுதாள். ஆறு மாதம் கழித்து நாங்கள் ‘சாந்தினி’ என்று கூப்பிட்டபோது திரும்பிப் பார்க்கச் சற்று நேரம் எடுத்தாள்.

வந்த முதல் மாதமே என் தொழிற்சான்றிதழ்களைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். அவர்களுடைய பட்டியலில் ‘சிலோன்’ இருந்தது. ‘ஸ்ரீலங்கா’ இல்லை. என் சான்றிதழில் சிலோன், கடவுச்சீட்டில் ஸ்ரீலங்கா. இரண்டும் ஒரே நாடுதான் என்று நிறுவ இரண்டு கடிதம் வேண்டியிருந்தது. பிறகு நேர்முகம்.

“அங்கே என்ன வேலை செய்தீர்கள்?” என்று கேட்டார் எதிரே இருந்தவர்.

“ஃபோர்மன்” என்றேன், பட்டறை மேற்பார்வையாளன் என்ற அர்த்தத்தில்.

என் வாயிலிருந்து அது எப்படி வெளியே வந்ததோ தெரியாது. அவர் ‘ஃபயர்மன்’ என்று எழுதிக்கொண்டு, நீங்கள் அணைத்ததிலே மிகப் பெரிய தீ எது என்று கேட்டார். பட்டறையில் ஒருமுறை எண்ணெய்ப் பீப்பாய் பற்றியது ஞாபகம் வந்தது. அதைச் சொன்னேன். அவர் தலையாட்டினார். பத்து நிமிடம் இருவரும் இருவேறு தொழிலைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம்.

அந்தப் பிழையைத் திருத்த ஒரு வருடம். மற்றக் கடிதங்களுக்கு இன்னும் இரண்டு. கடைசியில் ஒரு செய்முறைப் பரீட்சைக்கு நாள் தந்தார்கள். அதுவரைக்கும் ஒரு தொழிற்சாலையில் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டினேன். லேபல் கோணலாக இருந்தால் மேற்பார்வையாளன் வந்து, மிகவும் மரியாதையாக, லேபலை எப்படி ஒட்டுவதென்று எனக்குக் காட்டித் தருவான். இருபது வருடம் பஸ் கழற்றிப் பூட்டிய கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நான் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

3

அயல்வீட்டுக்காரி நொரீன். ஐம்பது கடந்தவர், ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை. கணவர் லெஸ், நாங்கள் வந்த முதல் வருடக் குளிர்காலத்தில் மாரடைப்பால் இறந்துபோனார். அவர் விட்டுப்போனவை கொட்டிலில் நின்ற இரண்டு அமெரிக்கக் கார்கள். இரண்டும் மஸ்டாங். ஒன்று பச்சை, அறுபத்தாறாம் ஆண்டுக் கார். மற்றது அதைவிட மூன்று வருடம் இளையது. யாரோ மரத்தில் மோதி முன்பக்கம் சப்பளிந்ததை லெஸ் வாங்கிப் போட்டிருந்தார். அதன் பின் அக்சிலைக் கழற்றிப் பச்சைக் காருக்குப் பூட்டுவதுதான் அவர் எண்ணம்.

தொழில் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பின் அக்சில் என்பது பின் சக்கரங்கள் இரண்டையும் தாங்குகிற இரும்புக் குழாய். நடுவில் குடம்போலப் பருத்த இடத்துக்குள் பல்லுச்சில்லுகள் இருக்கும். எஞ்சினின் பலம் முழுவதும் ஒரு நீளத் தண்டு வழியாக அந்தக் குடத்துக்கு வந்து, அங்கிருந்து இரண்டு சக்கரத்துக்கும் பிரியும். லெஸ் பச்சைக் காரின் ஸ்ரியரிங்கை இந்த நாட்டு முறைப்படி வலப்பக்கம் மாற்றி, பெரிய எஞ்சினும் போட்டிருந்தார். பழைய அக்சில் அதைத் தாங்காமல் ஊளையிடத் தொடங்கிவிட்டது. இளைய காரின் அக்சில் தடித்தது.

பச்சைக் கார் நொரீனின் கண்ணுக்கு முன்னால் அப்படியே நின்றது. மெல்பேர்னில் நோபல் பார்க்கில் இருக்கிற தங்கை வீட்டுக்கு அதிலே கூட்டிக்கொண்டு போவதாக லெஸ் சொல்லியிருந்தாராம். ஒருநாள் வேலியடியில் கதைத்துக்கொண்டு நின்ற பரமேஸ், என் கணவர் பஸ்ஸையே கழற்றிப் பூட்டுகிறவர் என்று சொல்லிவிட்டாள். அன்று பின்னேரமே நொரீன் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“நேதன், உங்களால் இதை முடிக்க முடியுமா?” தில்லைநாதனில் அவர் வாய்க்கு வந்தது அவ்வளவுதான்.

என்னை ஒருவர் ஒரு வேலை முடியுமா என்று கேட்டு மூன்று வருடமாகிவிட்டது. யோசிக்காமல் ஓம் என்று சொன்னேன். ஆங்கிலத்தில் அல்ல, ஓம் என்றே சொன்னேன். அவருக்கு விளங்கியது.

நான்கு வார இறுதிகள் அந்தக் கொட்டிலில் போயின. ஒரே இனத்துக் கார்கள்தானே, மாற்றிப் பூட்டினால் சரி என்று வெளியே நிற்பவருக்குத் தோன்றும். மூன்று வருடத்தில் அந்த இனம் அகலித்துவிட்டது. புதிய அக்சில் இரண்டு அங்குலம் கூட. அப்படியே போட்டால் ரயர் மட்காட்டில் உரசும். அதற்கென்று வேறு றிம்கள் தேடி வைத்திருந்தார் லெஸ். அக்சிலின் மூக்கும் நீளம். அதனால் தண்டை வெட்டிக் குறுக்கவேண்டும். அதை ஓபர்னில் ஒரு கடைசல் பட்டறையில் கொடுத்துச் செய்வித்தோம். பிறேக் குழாய்களை நானே வளைத்தேன். நொரீன் பழைய சாக்கில் முழங்கால் ஊன்றியிருந்து, ரோச் லைற்றைப் பிடித்துக்கொண்டு, லெஸ்ஸின் கொப்பியிலிருந்து அளவுகளை வாசிப்பார். சில இடங்களில் குரல் நின்றுவிடும். எழுத்து விளங்கவில்லை என்பார். நான் அவசரப்படுத்தமாட்டேன்.

அவை எனக்கு நல்ல நாட்கள். திங்கட்கிழமை லேபல் ஒட்டப் போகும்போது நகக்கண்ணில் கறுப்பு இருக்கும். அதைக் கழுவ மனம் வராது.

காரை மறுபடி பதிவதற்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. மாற்றம் செய்தவர் யார், அவருடைய தொழிற்சான்றிதழ் எண் என்ன என்று இரண்டு கோடுகள். என் பெயரை எழுதினேன். எண்ணுக்கு இலங்கை எண்ணைப் போட்டேன். அது பொய்யில்லை. ஆனால் இந்த நாட்டில் அது உண்மையுமில்லை. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் பார்க்காமலே முத்திரை குத்தினாள். அன்றிலிருந்து எங்கள் கதவுக்குள் நீளக் கடித உறை விழுந்தால், அலுவலகத்திலிருந்தோ என்று முதலில் முத்திரையைப் பார்ப்பேன். பரீட்சைக்கு மூன்று கிழமைதான் இருந்தது.

4

அக்சிலைக் காரின் ஸ்பிறிங் தகடுகளோடு கட்டிப் பிடித்திருப்பவை எட்டு நட்டுகள். வலப்பக்கம் நான்கு, இடப்பக்கம் நான்கு. போல்ட் புதிதென்றால் முதல் ஓட்டத்தில் சற்று இளகிக் கொடுக்கும். ஆகவே காரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து எட்டையும் இன்னொரு முறை இறுக்க வேண்டும். இறுக்காவிட்டால் என்ன ஆகுமென்று நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். மதவாச்சி றோட்டில் ஒரு பஸ். எங்கள் டிப்போ பஸ் அல்ல. ஒரு பக்க நட்டுகள் கழன்று அக்சில் பின்னால் நழுவ, பஸ் நண்டுபோலப் பக்கவாட்டில் ஓடி வயலுக்குள் இறங்கியிருந்தது. நாங்கள் பஸ்ஸைத் தூக்கும் வண்டியோடு போனபோது, கண்டக்டரை வரம்பில் கிடத்தி முகத்தைச் சீலையால் மூடியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் டிப்போவில் ஒரு விதி வந்தது. ஒருவன் இறுக்கினால் இன்னொருவன் ஸ்பனர் வைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். என் வேலையைச் செல்லத்துரை பார்ப்பார், அவர் வேலையை நான் பார்ப்பேன். லிட்கம் கொட்டிலில் இரண்டாவது கையெழுத்துக்கு ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நொரீனும் நானும் காரைப் பரமற்றா வரை ஓட்டிப் பார்த்தோம். ஊளை இல்லை, உரசல் இல்லை. நொரீன் ஸ்ரியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பின்னேரம் நான் காரின் கீழே படுத்து நட்டுகளை இறுக்கத் தொடங்கினேன். வலப்பக்கம் நான்கு முடிந்தது. இடப்பக்கத்துக்கு நகர்ந்து தொடங்கினேன். அப்போது வேலிக்கு அப்பாலிருந்து பரமேஸின் குரல்.

“இஞ்சாருங்கோ! ஒருக்கா கெதியா வாங்கோ!”

அவள் அப்படிக் கூப்பிடுகிறவள் அல்ல. ஓடினேன். குசினி மேசையில் ஒரு கடிதம் விரிந்திருந்தது. மெல்பேர்னில் ஒரு ஆஸ்பத்திரி, சாந்தினியைத் தாதிப் பயிற்சிக்கு எடுத்திருக்கிறது. விடுதியிலேயே தங்கவேண்டும். அடுத்த திங்கட்கிழமை சேரவேண்டும். விண்ணப்பித்தது எங்களுக்குத் தெரியாது.

“எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லாமல்?” என்று கேட்டேன்.

“சொன்னா விட்டிருப்பீங்களா?” என்றாள் சாந்தினி. “ஐம் நைன்டீன், அப்பா.”

“சிட்னியிலை ஆஸ்பத்திரி இல்லையோ?”

“இருக்கு. ஆனா அது வீட்டிலயிருந்து போற ஆஸ்பத்திரி.”

பிறகு நான் கதைத்தவற்றை இங்கே எழுதப்போவதில்லை. தகப்பன்மார் எல்லோரும் கதைக்கிறதுதான். அவள் கடைசியாகச் சொன்னது மட்டும் இன்னும் காதில் கிடக்கிறது. “நீங்க ரெண்டு பேரும் இஞ்ச வந்து பயந்துகொண்டே இருக்கிறீங்க. எனக்கும் அது வந்திடும்.”

நான் வெளியே இறங்கி ஸ்ரேசன் வரைக்கும் நடந்தேன். ரயில்கள் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இருட்டிய பிறகு வீடு திரும்பினேன். அந்தக் கிழமை முழுவதும் வீட்டில் யாரும் யாரோடும் சரியாகக் கதைக்கவில்லை. நொரீன் சனிக்கிழமை தங்கையிடம் போவதாகவும் சாந்தினியைத் தானே கூட்டிப்போய் விடுவதாகவும் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். காரைப் பற்றி நினைக்கவே இல்லை. வேலை முடிந்துவிட்டது என்றே மனம் கணக்கு வைத்திருந்தது.

5

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வெளிக்கிட்டார்கள். சாந்தினி தாயைக் கட்டிக்கொண்டாள். என்னிடம் “போட்டு வாறன்” என்றாள். ஊரில் சொல்வதுபோலவே சொன்னாள். நான் “கவனம்” என்றேன். அவள் இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தாள். பச்சைக் கார் வளைவில் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றோம்.

உள்ளே வந்து பரமேஸ் தேத்தண்ணி ஊற்றினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே கொஞ்சம் சிரித்தாள்.

“பிள்ளைக்கு ஏசினதுகூடப் பறவாயில்லை. அண்டைக்கு நீங்கள் கையிலை அந்தப் பெரிய ஸ்பனரோடை வந்து நிண்டு கத்தினதுதான் எனக்குப் பயமாப் போச்சு. பிறகு நான்தான் அதைக் கொண்டுபோய் நொரீனின்ரை கொட்டிலிலை வைச்சனான்.”

கோப்பை என் கையிலேயே நின்றுவிட்டது.

ஸ்பனரோடு வந்திருக்கிறேன். அப்படியென்றால் வேலை நடுவில் வந்திருக்கிறேன். அதன் பிறகு நேரே ஸ்ரேசனுக்கு நடந்தேன். திரும்பக் கொட்டிலுக்குப் போகவே இல்லை. இடப்பக்கம் எத்தனை நட்டு இறுக்கினேன்? ஒன்று இறுக்கியது ஞாபகம். இரண்டாவதும் ஞாபகம், அதில் ஸ்பனர் ஒருமுறை வழுக்கியது. மூன்றாவது? எத்தனை முறை யோசித்தாலும் இரண்டாவதோடு பரமேஸின் குரல் கேட்டது. 

இடப்பக்கம், பின்புறம். சாந்தினி இருக்கிற பக்கம்.

“என்னப்பா, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?” என்றாள் பரமேஸ்.

“ஒண்டுமில்லை” என்றேன்.

மெல்பேர்ன் ஐந்நூற்றைம்பது மைல். மலையும் லொறியுமான ஒற்றைப் பாதை. பூமரங்களுக்குத் தண்ணீர் விடுவதற்காக நொரீன் எங்களிடம் வீட்டுச் சாவி தந்திருந்தார். எங்களிடம் தொலைபேசி இல்லை, அவரிடம் இருந்தது. இரண்டு மணித்தியாலம் முற்றத்தில் நடந்து நடந்து நட்டுகளை எண்ணிப் பார்த்த பிறகு, தண்ணீர் விடப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனேன். நேரம் ஒன்பதரை. இப்போது எங்கே போயிருப்பார்கள் என்று கணக்குப் பார்த்து, ஒப்பரேற்றரிடம் சொல்லி, ஹியூம் ஹைவேயில் ஒரு ஊரின் பொலிஸ் நிலையத்துக்கு இணைப்பு எடுத்தேன்.

“ஒரு காரை நிறுத்த வேண்டும்” என்றேன்.

“திருட்டுக் காரா?”

“இல்லை. அதன் அக்சில்...”

“அக்சிடன்ற்? எங்கே?”

“இன்னும் நடக்கவில்லை.”

“இன்னும்?” மறுமுனையில் ஒரு கதிரை கிரீச்சிட்டது. “காரில் யார் இருக்கிறார்கள்?”

“என் மகள்.”

“வயது?”

“பத்தொன்பது. அயல்வீட்டு அம்மாவோடு மெல்பேர்னுக்குப் போகிறாள். வேலை படிக்க.”

“உங்களுக்கு அவள் போவது விருப்பமா?”

இதற்கு நான் உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். ஒரு மூச்சு நேரம் தாமதித்தேன். அவர் அந்தத் தாமதத்தைத்தான் கேட்டார்.

“ஐயா, பத்தொன்பது வயதுப் பெண் விரும்பிய இடத்துக்குப் போகலாம். அதற்குப் பொலிஸை எடுக்கக் கூடாது.”

“இல்லை, நட்டு... இரண்டு நட்டு இறுக்கவில்லை.”

“அப்படியா? வேலை செய்த மெக்கானிக் யார்? அவருடைய பெயரையும் சான்றிதழ் எண்ணையும் சொல்லுங்கள்.”

பேனாவின் மூடியைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. அந்தப் படிவமும், நான் எழுதிய எண்ணும், இரண்டு கிழமையில் வரவிருந்த பரீட்சையும் என் கண்ணுக்கு முன்னால் வந்தன. நான் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் செய்தேன். மகள் அந்தக் காரில் இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டே வைத்தேன்.

6

நொரீனின் செடிகளுக்கு உண்மையாகவே தண்ணீர் விட்டேன். ஒரு சாடியில் நிரம்பி வழிந்து நிலமெல்லாம் ஓடியது. துணி தேடித் துடைத்தேன். மூன்றாவது நட்டையும் இறுக்கியிருப்பேன் என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். நான்காவதையும்தான். கை பழகிய வேலை, மனம் கவனிக்காமலே செய்திருக்கும். அப்படிச் சொல்லி முடிக்குமுன் வரம்பில் கிடந்த கண்டக்டரின் சீலை கண்ணில் வந்து நின்றது.

பரமேஸ் தேடிக்கொண்டு வந்தாள். நான் நிலத்தில் துணியோடு இருந்ததைப் பார்த்தாள். சொல்லிவிட்டேன். நட்டு, பொலிஸ், தொலைபேசியை வைத்தது, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. தொலைபேசியைத் தூக்கி என் மடியில் வைத்தாள்.

“உங்கடை சேட்டிபிக்கற் பெரிசோ, பிள்ளை பெரிசோ எண்டு நான் கேக்கேல்லை. அது உங்களுக்குத் தெரியும். எடுங்கோ.”

“நீரும் ஆங்கிலம் கதைப்பீர்தானே. நீர் சொன்னால்...”

“நான் என்னத்தைச் சொல்ல? செய்த ஆள் நீங்கள். நீங்கள்தான் சொல்ல வேணும்.”

இந்த முறை ஒரு கடித உறையின் பின்புறத்தில் வசனங்களை எழுதிக்கொண்டேன். மணி பதினொன்று கடந்திருந்தது. ஆகவே இன்னும் தள்ளி, பாதிவழியில் இருக்கிற ஒரு சிறிய ஊரைக் கேட்டேன். வயதான குரல் ஒன்று வந்தது. எழுதியதை வாசித்தேன்.

“என் பெயர் தில்லைநாதன். ஒரு காரின் பின் அக்சிலை மாற்றியது நான். எனக்கு இந்த நாட்டுத் தொழிற்சான்றிதழ் இல்லை. இடது பின் சக்கரத்தடியில் இரண்டு நட்டுகளை நான் இறுக்காமல் விட்டிருக்கிறேன். அந்தக் கார் இப்போது உங்கள் வீதியில் வருகிறது. தயவுசெய்து நிறுத்துங்கள்.”

அவர் குறுக்கிடாமல் கேட்டார். பெயரை எழுத்துக் கூட்டச் சொன்னார். கூட்டினேன். ஆங்கிலத்தில் பதின்மூன்று எழுத்து, ஒவ்வொன்றையும் அவர் திருப்பிச் சொன்னார். விலாசமும், நான் கதைத்த தொலைபேசியின் எண்ணும் கேட்டார். கொடுத்தேன்.

“என்ன கார்?”

“மஸ்டாங். பச்சை. அறுபத்தாறு.”

“அப்படியா!” குரல் நிமிர்ந்தது. “அது என் கண்ணுக்குத் தப்பாது.”

பிறகு நொரீனின் முன்னறையில் இருந்தோம். சுவரில் லெஸ்ஸின் படம். பரமேஸ் உதட்டுக்குள் தேவாரம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஏதாவது சொல்லலாமென்று வாயைத் திறந்தால் கையை உயர்த்தித் தடுத்தாள். மணிக்கூடு பன்னிரண்டைத் தாண்டியது. ஒரு மணி. அந்தக் கார் மணிக்கு எத்தனை மைல், அந்த நட்டு மைலுக்கு எத்தனை சுற்று என்று மூளை தானாகக் கணக்குப் போட்டது. வெளியே யாரோ புல்லு வெட்டினார்கள். நிறுத்தினார்கள். மறுபடி வெட்டினார்கள்.

ஒன்றரைக்குத் தொலைபேசி அடித்தது. நான் எடுக்குமுன் பரமேஸ் எடுத்து என் காதில் வைத்தாள்.

“அப்பா, நீங்க பொலிஸை அனுப்பினீங்களா?”

சாந்தினி. உயிரோடு, கோபத்தோடு.

“பிள்ளை, கார்...”

“கார்! லைற்றைப் போட்டுக்கொண்டு துரத்தி வந்தாங்கள். எல்லாரும் நிண்டு பாத்தவங்கள். நொரீனைக் கள்ளி மாதிரி இறங்கச் சொன்னாங்கள். நான் வீட்டை விட்டு ஓடுறனா எண்டு கேட்டான் ஒருத்தன். என்னைத் திருப்பி எடுக்கத்தானே இவ்வளவும் செய்தனீங்க? ஹவ் குட் யூ?”

“அப்படியில்லை அம்மா. நட்டு ரெண்டு...”

“எனக்கு நட்டுக் கதை வேண்டாம். நான் திரும்பி வரமாட்டன்.”

வைத்துவிட்டாள்.

இருபது நிமிடத்தில் மறுபடி மணி. இந்த முறை நொரீன். தாழ்ந்த குரலில் பேசினார்.

“நேதன், நான் கராஜ் அறையிலிருந்து கதைக்கிறேன். காரைத் தூக்கிப் பார்த்தார்கள். இடப்பக்கத்தில் இரண்டு இளகியிருந்தன. ஒன்றை இந்த ஆள் விரலாலேயே சுழற்றிக் காட்டினான். மற்றது அரைவாசி கழன்றுவிட்டது. இன்னும் ஐம்பது மைல் தாங்கியிருக்காது என்கிறான். இப்போது எட்டையும் இறுக்கிவிட்டான். நானும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இனி ஓடலாம்.”

நன்றி சொன்னேனா, மன்னிப்புக் கேட்டேனா, இரண்டையும் சேர்த்துச் சொன்னேனா தெரியாது. 

“நீங்கள் எடுத்துச் சொன்னீர்களே, அது போதும்” என்றார் நொரீன். பிறகு, “ஷேண்டி எதிரே தேத்தண்ணிக் கடையில் அழுதுகொண்டிருக்கிறாள். இந்தப் பக்கமே வரவில்லை. அவளுக்கு ஒன்றும் தெரியாது. போய்ச் சொல்லட்டுமா? உன் தகப்பன் பொய் சொல்லவில்லை என்று?”

ஓம் என்பதுதான் நாவின் நுனியில் இருந்தது. அவளுக்குத் தெரியவேண்டும், அவளை மறிக்க நான் பொலிஸை அனுப்பவில்லை என்று. ஆனால் இன்னும் முந்நூறு மைல் கிடந்தது. அதே காரில், அதே பக்கத்தில், அதே சக்கரத்துக்கு முன்னால் அவள் இருக்கவேண்டும். விரலால் சுழன்ற நட்டைப் பற்றித் தெரிந்தால், ஒவ்வொரு பள்ளத்திலும் ஒவ்வொரு லொறியிலும், காலையிலிருந்து நான் இருந்ததுபோல அவள் இருப்பாள்.

“சொல்ல வேண்டாம்” என்றேன்.

“அவள் உங்கள்மேல் பயங்கரக் கோபத்தில் இருக்கிறாள், நேதன்.”

“மெல்பேர்ன் போய்ச் சேரும்வரைக்கும் கோபமாகவே இருக்கட்டும்.”

7

மெல்பேர்ன் போய்ச் சேர்ந்தார்கள். அன்று இரவே நொரீன் தங்கை வீட்டிலிருந்து அறிவித்தார். திங்கட்கிழமை சாந்தினி விடுதியில் சேர்ந்தாள். இரண்டு மாதம் எங்களுக்கு எழுதவில்லை. பிறகு தாய்க்கு மட்டும் எழுதினாள். நடந்ததைச் சொல்வது என் பொறுப்பு என்று நொரீனும் விட்டுவிட்டார். நான் ஒவ்வொரு கிழமையும் ஒரு கடிதம் தொடங்குவேன், அந்த நட்டுகளைப் பற்றி. சேர்ந்த புதிதில் எழுதினால் படிப்புக் குழம்பும் என்று நிறுத்தினேன். பிறகு சோதனைக் காலம் என்று நிறுத்தினேன். அதற்குப் பிறகு அவளே கடிதத்தில் ‘அப்பாவுக்கும் அன்பு’ என்று எழுதத் தொடங்கிவிட்டாள். எழுதினால் அந்த அன்போடு ஒரு குற்ற உணர்ச்சியும் சேர்ந்து வருமே என்று நிறுத்தினேன்.

நீளக் கடித உறையும் வந்தது. அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். செல்லாத எண்ணை எழுதியதற்கு எச்சரிக்கை. காரை மறுபடி பரிசோதித்தார்கள். நட்டுகள் அசையவில்லை. என் பரீட்சையை எட்டு மாதம் தள்ளிவைத்தார்கள். அதுவரைக்கும் லேபல் ஒட்டினேன். பிறகு பரீட்சையில் தேறினேன். இப்போது ஒரு லொறிப் பட்டறையில் வேலை. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வீதியைக் கடந்த பிறகு, மறுபடி உள்ளே போய் நட்டுகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவேன். கூட வேலை செய்பவர்கள் முதலில் சிரித்தார்கள். இப்போது எனக்காகக் கதவைப் பூட்டாமல் வைத்திருக்கிறார்கள்.

8

இந்த வருடம் ஈஸ்டர் விடுமுறைக்குச் சாந்தினி வந்தாள். இப்போது தேர்ந்த தாதி. சொந்தமாக ஒரு சிறிய கார் வைத்திருக்கிறாள். அதிலேயே கூட வேலை செய்யும் இரண்டு பெண்களை ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். திரும்பும் நாள் மத்தியானம் பரமேஸ் இடியப்பமும் சொதியும் செய்திருந்தாள். பெண்கள் கையால் சாப்பிட முயன்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

சாந்தினி அந்தக் கதையைச் சொன்னாள். அது அவளுடைய விடுதியில் பேர்போன கதையாம். பச்சை மஸ்டாங், பொலிஸ் சைரன், தேத்தண்ணிக் கடையில் தான் அழுதது. நான் தொலைபேசியில் ‘நட்டு, நட்டு’ என்று சொன்னதை என் குரலிலேயே செய்துகாட்டினாள். நன்றாகவே செய்தாள். பெண்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பரமேஸ் சிரிக்கவில்லை. கையில் சொதிச் சட்டியோடு நின்று என்னைப் பார்த்தாள். சொல்லிவிடுங்கோ என்று எத்தனையோ முறை அவள் எனக்குச் சொல்லியிருக்கிறாள். இப்போது தானே சொல்லிவிடுவாள்போல வாயைத் திறந்தாள். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

சாந்தினி எனக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, தோளில் கை வைத்தாள். அவள் குரலில் இப்போது கோபம் துளியும் இல்லை.

“இப்பயாவது உண்மையைச் சொல்லுங்கோ அப்பா. நான் கோவிக்கமாட்டன். அண்டைக்கு அந்தக் காருக்கு ஒண்டுமே இல்லைத்தானே?”

வாசலில் அவளுடைய சிறிய கார் நின்றது. இன்னும் ஒரு மணித்தியாலத்தில் அதே பாதையில், ஐந்நூற்றைம்பது மைல், அவள் ஓட்டிக்கொண்டு போகவேண்டும்.

“ஓம் பிள்ளை” என்றேன். “ஒண்டும் இல்லை.”